அத்தையின் நாட்காட்டியும் அந்தமான் கடலும்

முதல் தடவை அந்தமான் போனபோது என் கைப்பையில் ஒரு தாள் இருந்தது. 5 நாளில் 23 இடங்கள். பயண ஏஜென்ட் ஒருவர் அழகாக அச்சடித்துக் கொடுத்தது. பார்த்த இடத்துக்கு எதிரே டிக் போடுவது மகனுடைய வேலை. ஊர் திரும்பும்போது 19 டிக் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, "எந்த பீச்டா உனக்குப் பிடிச்சுது?" என்று கேட்டதற்கு அவன் யோசித்துவிட்டு, "அந்த ஹோட்டல் ஸ்விம்மிங் பூல்" என்றான்.

அது 2018 டிசம்பர் நடுவில். நான், என் கணவர், அப்போது 6 வயதான மகன், முழங்கால் தேய்ந்துபோன அத்தை (மாமியார்) என்று நாலு பேர். அடுத்து 2023 பிப்ரவரியில் அதே நாலு பேர் மறுபடி போனோம். இந்த முறை எட்டு நாளுக்கு ஒன்பது இடம்தான். இரண்டு பயணத்துக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதல் பயணத்தின் பெரிய சொதப்பல் ராதாநகர் கடற்கரை. ஹேவ்லாக் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய பிறகு உலகம் முழுக்கத் தெரிந்த இடம். ஏஜென்ட் தாளில் "மாலை: ராதாநகர், சூரிய அஸ்தமனம்" என்று போட்டிருந்தது. நம்மூர்க் கணக்கில் மாலை என்றால் நாலரைக்குக் கிளம்பினால் போதும் என்று மதியம் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். வண்டி கடற்கரையில் நிற்கும்போது மணி 4.50. சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி, அத்தையைக் கைபிடித்து மணலில் இறக்குவதற்குள் அது முங்கிவிட்டது. மகன் கணுக்கால் நனைய இரண்டடி வைத்தான். உயிர்காப்பாளர் விசில் ஊதி எல்லோரையும் கரைக்கு வரச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் எங்கள் ராதாநகர்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. அந்தமான் சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, பர்மாவுக்குத் தெற்கே கிடக்கிறது. ஆனால் கடிகாரம் நம் கடிகாரம்தான். அதனால் டிசம்பரில் காலை ஐந்தரைக்கே பளிச்சென்று விடிந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு இருட்டத் தொடங்குகிறது. இது தெரிந்தவர்கள் ராதாநகருக்கு மூன்று மணிக்கே போய்விடுகிறார்கள். இன்னும் விவரமானவர்கள் காலை ஆறரைக்குப் போகிறார்கள். இரண்டாவது முறை நாங்கள் அப்படித்தான் போனோம். நீளமான வெள்ளை மணல், பின்னால் உயர்ந்து நிற்கும் காட்டு மரங்கள், கரையில் நாங்களும் இரண்டு நாய்களும். அஸ்தமனத்தின்போது இருக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் பயணத்தில் நீல் தீவும் இப்படித்தான் ஏமாற்றியது. லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் பாறை வளைந்து பாலம் மாதிரி நிற்கும். அங்கே குடியேறிய வங்காளிகள் அதை ஹௌரா பாலம் என்றே சொன்னார்களாம். அடியில் தேங்கிய குட்டைகளில் கடல் அட்டை, நண்டு, நீலக் கோடு போட்ட குட்டி மீன்கள் எல்லாம் பார்க்கலாம் என்று படித்துவிட்டுப் போனோம். சாயங்காலம் மூன்றரைக்குப் போனால், பாறைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர். அங்கே நின்ற உள்ளூர் வழிகாட்டி, "இப்ப போக முடியாது, காலைல வந்திருக்கணும்" என்று இந்தியில் சொன்னார். ஆனால் காலையில் எங்களைக் கொண்டுபோய் விட்டது பரத்பூர் கடற்கரையில். குளிக்கிற கடற்கரை அது. அங்கேயோ தண்ணீர் வற்றி, செத்த பவளக் கற்கள் காலைக் குத்தின. காலை, மாலை இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும்!

இதை எங்களுக்கு விளக்கியவர், கடைசி நாள் விமான நிலையத்துக்கு ஆட்டோ ஓட்டிய தம்பி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் போனவர்களாம். (அந்தமானில் இது அதிசயமே இல்லை. 2011 கணக்கெடுப்பில் அந்த ஒன்றியப் பிரதேசத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 15 சதவீதம். தலைநகர் போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் தமிழிலேயே பேரம் பேசலாம்.) நான் புலம்பப் புலம்பக் கேட்டுக்கொண்டு வந்தவர், கண்ணாடியில் அத்தையைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா, நீங்க வந்தது அட்டமில தானே?"

அத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஆமாப்பா, நேத்துதான் அஷ்டமி" என்றார்.

"அதான். இங்க அமாவாசை, பௌர்ணமின்னா காலைல ஒம்பது பத்து மணிக்குத் தண்ணி ஏறி நிக்கும், சாயங்காலம் மூணரை நாலுக்கு வத்திக் கிடக்கும். அட்டமிக்கு அப்பிடியே தலைகீழ். ஏஜென்ட்காரங்க எல்லா நாளைக்கும் ஒரே தாளைத்தான் குடுப்பாங்க. நீங்க அடுத்த தடவ வரும்போது காலண்டரப் பாத்துட்டு வாங்கக்கா."

அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணமான நாளிலிருந்து, எதற்கெடுத்தாலும் தினசரி நாட்காட்டியைப் பார்க்கும் பழக்கத்தை நான் கிண்டல் செய்துகொண்டே இருந்திருக்கிறேன். அந்த ஆட்டோவில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கடல் தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே மந்தம். ஆட்டோத் தம்பி சொன்ன மணிக்கணக்கு தோராயமானதுதான். கிளம்பும் வாரத்தில் போர்ட் பிளேருக்கான ஓத அட்டவணையை (கடல் ஏறி வற்றும் நேரக் கணக்கை) இணையத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த வாரம் போகலாம் என்று முதலில் முடிவெடுக்க வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும்.

இரண்டாவது பயணத்துக்குத் தேதி குறித்தது அத்தைதான். மாசி அமாவாசையை நடுவில் வைத்து, முன்னே இரண்டு நாள், பின்னே ஐந்து நாள். பௌர்ணமி வேண்டாம், அமாவாசைதான் வேண்டும் என்று நான் கேட்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமாவாசை அன்று நீல் தீவில் இருந்தோம். காலை ஒன்பதரைக்குப் பரத்பூர். முன்பு கல்லும் கரடுமாகக் கிடந்த அதே இடத்தில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் நிரம்பி, கோயில் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. மாமா இறந்ததிலிருந்து அத்தை அமாவாசை தவறாமல் விரதம் இருப்பவர். ராமேசுவரத்தில் முங்குவதுபோல, புடவையைச் செருகிக்கொண்டு கிழக்கே பார்த்து மூன்று முங்கு போட்டார். முழங்கால் வலிக்காரருக்கு அலை அடிக்காத, மணல் சரியாத அந்தத் தண்ணீர் எவ்வளவு வசதி தெரியுமா? பக்கத்தில் வாழைப்பழப் படகில் ஏறக் காத்திருந்த பெண்கள் கொஞ்சம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்று மூன்று மணிக்கு ஹௌரா பாலம். கடல் நூறடிக்கு மேல் உள்வாங்கிக் கிடந்தது. அத்தையை முகப்பில் இளநீர்க் கடையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மூவரும் இறங்கினோம். முதல் பயணத்தில், காசு கொடுத்துக் கூட்டி வந்துவிட்டோமே என்று எல்லா இடத்துக்கும் அவரை இழுத்துக்கொண்டு போனோம். அது அவருக்கும் தண்டனை, எங்களுக்கும் தண்டனை. நாலு பேர் போனால் நாலு பேரும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று சட்டமா என்ன? பாறையெல்லாம் பாசி, சாதாரண ரப்பர் செருப்போடு வந்த ஒருவர் எங்கள் கண்முன்னே வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். பிடிமானம் உள்ள, பின்வார் போட்ட செருப்பு கட்டாயம். மகன் ஒரு குட்டையின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தவன், முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கடல் அட்டையை வழிகாட்டி கையால் தொடவிடவில்லை, அதுவும் சரிதான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கரை எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்கில் பெரும்பாலான தங்கும் விடுதிகள் கிழக்குக் கரையில், கோவிந்த் நகர், விஜய நகர் பக்கம். விடியற்காலைக்கு அருமை. ஆனால் வற்றத்தின்போது வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான், அதிலும் கல். "கடலோர அறை" என்று கூடுதல் காசு கொடுத்துவிட்டு, பாதி நாள் சேற்றுத் திட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். நீந்தவும் குளிக்கவும் மேற்கே ராதாநகர்தான். குளிக்க எல்லை குறித்திருக்கும் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அந்தமான் நீர்நிலைகளில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-இல் ராதாநகரை ஒட்டிய குடாவில் ஒரு அமெரிக்கச் சுற்றுலாப் பயணி முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

இன்னொரு தொல்லை, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: மணல் ஈ. கடிக்கும்போது தெரியாது, இரண்டு நாள் கழித்து சொறிந்து சொறிந்து உயிர் போகும். கைகாலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, மணலில் நேரே படுக்காமல் பாய் விரித்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

பட்டியலிலிருந்து வேண்டுமென்றே தூக்கியது பாராடாங் தீவு. முதல் முறை போயிருந்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, போலீஸ் காவலோடு வண்டிகள் கூட்டமாகக் காட்டுக்குள் போகும். சதுப்புநிலக் கால்வாயில் படகு, பிறகு சுண்ணாம்புக் குகை. குகை நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அவர்களுடைய நிலத்தில் அந்நியர் நுழையக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, வண்டியை நிறுத்தக்கூடாது. ஓட்டுநர் இதையெல்லாம் சொன்ன பிறகும், வழியில் ஒரு தாயும் பிள்ளையும் சாலையோரம் நின்றபோது எங்கள் வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தோம். நானும்தான். அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்த விதம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சாலையை உள்ளூர் மக்களும் பயன்படுத்துகிறார்கள். அது அவர்களுக்குத் தேவை. ஒரு குகை பார்க்க நான் போகத் தேவையில்லை என்பது என் முடிவு. உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

அந்த ஒரு நாளை ஜாலி பாய் தீவுக்குக் கொடுத்தோம். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகச் சொல்வது இந்த இடத்துக்குத்தான். போர்ட் பிளேரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வண்டூர். அங்கிருந்து மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் படகு. வனத்துறை அனுமதிச் சீட்டு முன்பே வாங்க வேண்டும். பிளாஸ்டிக் எதையும் விடுவதில்லை, பையைத் திறந்து பார்க்கிறார்கள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், டிபன் டப்பாவில் தயிர்சாதம் என்று கிளம்பினோம். அந்தத் தீவில் கடை கிடையாது, விடுதி கிடையாது, யாரும் குடியிருப்பதில்லை. அங்கே கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகில் அத்தையை ஏற்றினோம். நீச்சல் தெரியாதவர், ஸ்நார்க்கலிங் (குழாயால் மூச்சுவிட்டபடி மிதந்து கடலடியைப் பார்ப்பது) என்றாலே மூச்சு முட்டும் என்பவர். கண்ணாடிக்குக் கீழே மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பவளம், அதைச் சுற்றிக் கிளி நிறத்தில் மீன்கள். "அடியே, அது வாயால கல்லைக் கொறிக்குதுடி!" என்று சத்தம் போட்டார். உண்மைதான், கிளிமீன் பவளத்தைக் கொறித்துத்தான் சாப்பிடும். ஒன்று மட்டும்: மழைக்காலத்தில் இந்தத் தீவை மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். எந்த மாதத்தில் எது என்று கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள்.

ஹேவ்லாக்கின் யானைக் கடற்கரைக்கு (எலிஃபென்ட் பீச்) போனால் முதல் படகில் போங்கள். பத்து மணிக்கு மேல் அது சந்தை. போர்ட் பிளேர் பக்கத்து வடக்கு விரிகுடா (நார்த் பே) எனக்கு ஒட்டவில்லை. பழைய 20 ரூபாய்த் தாளின் பின்பக்கம் அச்சடித்திருந்த தென்னையும் கலங்கரை விளக்கமும் அங்கேதான். ஆனால் அந்தக் காட்சி தூரத்திலிருந்து பார்த்தது. கரையில் இறங்கினால் அது தெரியாது.

செல்லுலார் சிறைக்கு நேரம் ஒதுக்குங்கள், இரண்டு மணி நேரமாவது. ஒளி-ஒலிக் காட்சிக்கு முன்னால் அரைமணி எட்டிப் பார்ப்பது போதாது. 1906-இல் கட்டி முடித்தபோது நட்சத்திரம்போல ஏழு பகுதிகள். இப்போது நிற்பது மூன்று. ஒவ்வொரு பகுதியின் முகப்பும் அடுத்த பகுதியின் முதுகைப் பார்த்தபடி இருக்கும், கைதி கைதியைப் பார்த்துவிடக்கூடாது என்று. முற்றத்தில் கைதிகள் இழுத்த செக்கின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். நாளுக்கு 30 பவுண்டு எண்ணெய் ஆட்டியாக வேண்டுமாம். அத்தை அதன் தண்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "வ.உ.சி.யும் இப்படித்தானே கோயம்புத்தூர்ல இழுத்தாரு" என்றார். பேரனுக்கு வ.உ.சி. யார் என்று அங்கேயே கல்திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாடப்புத்தகத்தில் நாலு வரி படித்தவன் வாயைப் பிளந்து கேட்டான். அடுத்து ராஸ் தீவு படகு இருந்தது; விட்டுவிட்டு மறுநாள் போனோம்.

போக்குவரத்துக்கு வருகிறேன். முதல் பயணத்தில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். மூடிய ஏசி படகில் அத்தை வாந்தியெடுத்து ஓய்ந்துவிட்டார். இரண்டாவது முறை, திறந்த மேல்தளம் உள்ள அரசுக் கப்பலில் போனோம். நேரம் கூட ஆகும், கட்டணம் மலிவு, காற்று முகத்தில் அடிக்கும். மாத்திரையை ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரைமணி முன்பே போட வேண்டும். கடல் சரியில்லையென்றால் படகை ரத்துசெய்துவிடுவார்கள், அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரிலேயே இருந்துவிடுங்கள். பெயர்க் குழப்பமும் உண்டு: 2018 கடைசியில் ஹேவ்லாக் சுவராஜ் தீவு ஆனது, நீல் ஷாஹீத் தீவு ஆனது, 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப்பெயரைத் தேடுங்கள், ஆட்டோவில் பழைய பெயரைச் சொல்லுங்கள். பணம் பற்றிய கவலை குறைந்திருக்கிறது. 2020-இல் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் போன பிறகு கைப்பேசியிலேயே பணம் கட்ட முடிகிறது, முன்பு போல வாட்ஸப் செய்தி ஒன்று போக ஒருநாள் காத்திருக்க வேண்டியதில்லை. கையில் கொஞ்சம் ரொக்கம் இருந்தால் போதும். கடற்கரையில் கிடக்கிற பவளத் துண்டை மட்டும் பையில் போடாதீர்கள். சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் ஸ்கேனில் சிக்கும்.

இப்போது அந்த அமாவாசைக் காரணம். ஹேவ்லாக்கில் நிலா இல்லாத இரவுகளில், கலக்கினால் கடல் நீர் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அசைவு பட்டால் நீல வெளிச்சம் விடும். 2019-இல் சென்னைத் திருவான்மியூர்க் கரையில் ஒரு இரவு அலை நீலமாக மின்னியதே, அதே வகை. நிலா வெளிச்சத்தில் இது எடுபடாது. அமாவாசைக்கு மறுநாள் இரவு கணவரும் மகனும் கயாக் படகில் போனார்கள். துடுப்பு விழும் இடமெல்லாம் வெளிச்சம் வழிந்ததாம். அத்தைக்கு கயாக்கில் உட்கார முடியாது என்பதால் நான் அவரோடு கரையில் நின்றேன். கரையில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கும்மிருட்டு, கொசு வேறு. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கைத்தடியைத் தண்ணீருக்குள் விட்டு, அடுப்பில் கூழைத் துழாவுகிற மாதிரி ஒரு சுற்று சுற்றினார். தடியின் நுனியைச் சுற்றி நீலப் பொறிகள் கிளம்பி அணைந்தன.

"திரும்பச் சுத்துங்க அத்தை" என்றேன். அவர் தடியை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை உள்ளே விட்டார்.